பறப்பதே விமானம்

வேலூரிலிருந்து ஆம்பூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், பாலாற்றை ஒட்டி மாதனூர் என்னும் ஊர் உள்ளது. இவ்வட்டாரம் தோல் தொழிலுக்குப் பெயர் பெற்றது. பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என எப்பக்கம் சென்றாலும் தோல் பதனிடும் தொழிலகங்களையும் காலணித் தொழிற்சாலைகளையும் காணலாம். விடியற்காலையில் சாலையோரம் நின்றால், உணவுத் தூக்கைக் கையிற்கொண்டு தொழிற்சாலை வண்டிக்குக் காத்து நிற்கும் பெண்கள் கூட்டம் கண்ணிற்படும். விமானத்தைப் பற்றிப் பேசுதற்கு இவ்வூரில் என்ன இருக்கிறது என்று நீங்கள் வினவலாம். விமான நிலையம் இல்லை. விமானம் கட்டும் தொழிலகமும் இல்லை. ஆயினும், விமானத்தைப் பற்றி நான் நெடுநாள் கொண்டிருந்த தவறான எண்ணம் ஒன்று திருத்தம் பெற்றது இவ்வூர் ஆற்று மணலில்தான்.

சில ஆண்டுகளுக்கு முன், அப்பக்கத்துப் பள்ளி ஒன்றில் அறிவியற் கண்காட்சி நடைபெற்றது. நடுவர் மூவருள் நானும் ஒருவனாக அழைக்கப்பட்டிருந்தேன். மேசைகளின்மீது எரிமலைகளும் காற்றாலைகளும் நீரேற்றும் பொறிகளும் வரிசையாக விளங்கின. அவற்றிடையே விமானங்கள் இரண்டு இருந்தன. ஒன்று நான்கடி நீளமுள்ளது; தடித்த அட்டையாற் செய்து வெள்ளி வண்ணம் பூசப்பட்டது. அதற்குச் சன்னல்கள் இருந்தன. சன்னலுக்குள் விளக்கு எரிந்தது. மின்கலத்தின் உதவியால் முன்விசிறிகள் சுழன்றன. மற்றொன்று ஒரு முழமே இருக்கும். மெல்லிய மரக் குச்சிகளால் ஆன கூட்டின்மேல் மெல்லிய தாள் போர்த்தப்பட்டிருந்தது. வண்ணம் இல்லை. இடப்பக்க இறக்கையில் தாள் கிழிந்து, ஒட்டுப் போடப்பட்டும் இருந்தது.

“தம்பி, இஃது என்ன செய்யும்?” என்று கேட்டேன்.

“பறக்கும், ஐயா” என்றான் அச்சிறுவன்.

கூடத்திலோ பெருங்கூட்டம், மேலே மின்விசிறிகள் சுழன்றுகொண்டிருந்தன. அங்கே பறக்கவிட இடமில்லை என்று பக்கத்தில் நின்றவர்கள் கூறினர். நாங்களும் அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட்டோம். பெரிய விமானத்துக்கு முதற்பரிசு கிடைத்தது. சிறிய விமானத்துக்கு ஒன்றும் இல்லை. முடிவுத்தாளில் நானும் கையொப்பம் இட்டேன். அக்கையொப்பம் தவறானது என்பதை எடுத்துரைக்கவே இதனை எழுதுகின்றேன்.

கண்காட்சி முடிந்து புறப்படும்போது அச்சிறுவன் வாயிலில் நின்றான். “நாளைக் காலையில் ஆற்றுக்கு வருகிறீர்களா, ஐயா? காற்று இல்லாத நேரத்தில் விட்டுக் காட்டுகிறேன்” என்றான். அவன் குரலிற் சினமும் இல்லை; கெஞ்சுதலும் இல்லை. அதனாலேயே மறுக்க இயலவில்லை.

பாலாறு ஆண்டின் பெரும்பகுதியும் மணலாறு அன்றோ? மறுநாட் காலை, கதிரவன் எழுவதற்கு முன் அம்மணலில் நின்றோம். அவன் தன் விமானத்தின் இரப்பர் இழையை நீள இழுத்துப் பிடித்து, விரலால் முறுக்காமல் கைத்துளைப்பான் ஒன்றில் மாட்டிய கொக்கியால் முறுக்கினான். முறுக்க முறுக்க ஓரோர் அடியாக நெருங்கி வந்தான். பிறகு விமானத்தை முகத்துக்கு நேராகப் பிடித்து, எறியாமல், மெல்ல நழுவவிட்டான். அது மணலை நோக்கிச் சற்றே தாழ்ந்தது. உடனே நிமிர்ந்து, இடப்பக்கமாக வட்டமிட்டு ஏறத் தொடங்கியது. ஒரு தென்னையின் உயரத்துக்கு ஏறியது, விசிறி நின்றது, பின்னர்ச் சருகு ஒன்று இறங்குவதுபோல வட்டமிட்டே இறங்கி மணலில் அமர்ந்தது. என் கடிகாரத்தில் 31 நொடிகள் கழிந்திருந்தன. அவ்வளவு நேரமும் ஓசை என்பதே இல்லை. முந்தைய நாள் பரிசு பெற்ற விமானத்தை மணலுக்குக் கொண்டுவந்து பறக்கவிட்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணினேன். எனக்கு நாணமாக இருந்தது.

இரப்பர் முறுக்கினால் பறக்கும் இச்சிறு விமானத்தைப் பொம்மை என்று தள்ளிவிடுதல் தகாது. மனிதன் விமானத்தில் ஏறிய வரலாற்றில் இதற்கும் ஓர் இடம் உண்டு. 1871ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18ஆம் நாள், பிரான்சு நாட்டு இளைஞரான அல்போன்சு பெனோ என்பவர் பாரிசு நகரத்துத் துய்லெரிப் பூங்காவில், அறிஞர் பலர் முன்னிலையில், 16 கிராம் எடையுள்ள விமானம் ஒன்றைப் பறக்கவிட்டார். இறக்கையின் அகலம் 45 சென்டிமீட்டர். இயக்கும் ஆற்றல் முறுக்கிய இரப்பர். அது 11 நொடிகளில் ஏறத்தாழ 40 மீட்டர் பறந்தது. மறுநாள், ஆகஸ்டு 19இல், கடலுக்கு அப்பால் அமெரிக்காவில் ஒரு குழந்தை பிறந்தது. அக்குழந்தையே ஆர்வில் ரைட். 1903ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17ஆம் நாள் ஆர்வில் ரைட் வானில் ஏறியபோது, அம்முதற் பயணம் 12 நொடிகளும் 120 அடிகளும் நீடித்தது. அஃதாவது ஏறத்தாழ 37 மீட்டர். பெனோவின் 16 கிராம் பொம்மை 32 ஆண்டுகளுக்கு முன்பே அத்தொலைவைக் கடந்துவிட்டது!

இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே வெறும் ஒற்றுமை மட்டுமன்று, உறவும் உண்டு. பெனோ இரப்பரால் இயங்கும் பறக்கும் பொம்மைகள் வேறு சிலவற்றையும் செய்தார். அவற்றைப் பின்பற்றிச் செய்த ஒரு பொம்மையை 1878ஆம் ஆண்டில் ரைட் சகோதரர்களின் தந்தையார் வீட்டுக்கு வாங்கி வந்தார். தக்கை, மூங்கில், தாள், இரப்பர் ஆகியவற்றால் ஆன அது, கையை விட்டதும் கூரையை நோக்கி எழும்பியது. வில்பருக்கு அப்போது வயது 11, ஆர்விலுக்கு 7. பொம்மை விரைவில் உடைந்தது. சிறுவர் இருவரும் அதைப்போன்றே தாமே செய்து பார்த்தனர். பிறகு மேலும் மேலும் பெரியதாகச் செய்தனர். பெரிதாக ஆக அது பறக்க மறுத்தது. இரு மடங்கு பெரிதாகச் செய்தால் எட்டு மடங்கு ஆற்றல் வேண்டும் என்பதை அன்று அறியவில்லை என்று, 1908இல் அவர்களே எழுதியுள்ளனர். நம் கண்காட்சி மேசைகளில் இன்றும் அத்தவறு நடைபெறுகிறது. சிறுவரான அவர்கள், தாம் செய்தது பறக்கவில்லை என்பதைப் பறக்கவிட்டுப் பார்த்து அறிந்தனர். நாமோ பறக்கவிடாமலே பரிசு கொடுத்துவிடுகின்றோம்.

விமானம் வலிமையாக இருக்கவேண்டும் என்று புதிதாகச் செய்பவர் அனைவரும் எண்ணுகின்றனர். ஆதலால், குச்சியைத் தடிமனாக்குகின்றனர். பசையை வழிய வழிய இடுகின்றனர். ஒடிந்த இடத்தில் அட்டையை வைத்துக் கட்டுகின்றனர். இஃது இயல்பான எண்ணமே. ஆயினும் பிழையான எண்ணம். இறக்கை மாறாமல் எடை மட்டும் இரு மடங்கானால், அதனைத் தாங்குவதற்கு விமானம் முன்னினும் விரைந்து செல்லவேண்டும். விரைவு இரு மடங்காக வேண்டுவதில்லை. ஏறத்தாழ ஒன்றரை மடங்கு போதும். ஆனால் மோதும் ஆற்றல் எடையையும், விரைவின் இருபடியையும் பொறுத்தது என்று இயற்பியலிற் படிக்கின்றோம். கணக்கிட்டுப் பாருங்கள்: எடை இரு மடங்கான விமானம் தரையில் மோதும்போது நான்கு மடங்கு ஆற்றலோடு மோதும். வலிமைக்காகச் சேர்த்த பொருளே அதனை உடைக்கும் பகையாகிறது. 31 நொடிகள் பறந்த அச்சிறு விமானம், அதன் பின் ஒருமுறை கரைமேல் நின்ற வேலமரத்தில் மோதியும் விழுந்தது. அவன் எடுத்துத் துடைத்து மறுபடியும் பறக்கவிட்டான். உடைவதற்கு வேண்டிய எடை அதற்கு இல்லை.

எடையைக் குறைத்தல் என்றால் எங்கும் ஒரேயளவாகக் குறைத்தல் அன்று. இதனை அச்சிறுவன் எந்நூலிலும் கற்கவில்லை. அவன் தாயார் ஆம்பூர்ப் பக்கத்துக் காலணித் தொழிற்சாலை ஒன்றில் தோலின் ஓரத்தைச் சீவும் வேலை பார்ப்பவர். ‘ஸ்கைவிங்’ என்று தொழிலாளர் அதனை வழங்குவர். காலணியின் மேற்பகுதிக்குரிய தோல்துண்டுகளைத் தைப்பதற்கு முன், மடியும் ஓரங்களை மட்டும் மெலிதாகச் சீவவேண்டும். சீவாவிட்டால் மடிப்புப் புடைத்துக் காலை உறுத்தும். அளவு மீறிச் சீவினால் தையலிலே தோல் கிழியும். “எங்கே வேண்டாமோ அங்கே எடு என்று அம்மா சொல்லுவார்கள், ஐயா. நான் வாலில் எடுத்தேன்” என்றான் அவன்.

வாலில் எடுத்தது ஏன்? ஒரு விமானத்தின் மூக்கு, இறக்கையிலிருந்து 10 சென்டிமீட்டர் முன்னே இருக்கிறது. வால் 30 சென்டிமீட்டர் பின்னே இருக்கிறது என்று கொள்வோம். வாலில் ஒரு கிராம் பசை மிகுதியாகிவிட்டால், சமன் செய்வதற்கு மூக்கில் மூன்று கிராம் களிமண்ணை ஒட்டவேண்டும். நெம்புகோலின் விதி அது. கவனக்குறைவால் விழுந்த ஒரு கிராம், நான்கு கிராமாகிவிடுகிறது. முழு விமானமும் 20 கிராம் என்றால், ஐந்தில் ஒரு பங்கு எடை வீணாக ஏறியது! ஆறாம் வகுப்பு முதல் நெம்புகோலைப் பாடமாகப் படித்தும், எனக்கு அவ்விதி உறைத்தது அன்று மணலில்தான்.

இனி, அம்மரத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். பால்சா என்பது தென்னமெரிக்காவின் வெப்பக் காடுகளில் வளரும் மரம். எக்குவடோர் நாட்டிலிருந்தே உலகெங்கும் மிகுதியாகச் செல்கிறது. பால்சா என்ற சொல்லுக்கு இசுப்பானிய மொழியில் தெப்பம் என்பது பொருள். 1947இல் தோர் ஹெயர்டால் என்னும் நார்வே நாட்டவர், ஒன்பது பால்சா மரங்களைப் பிணைத்த தெப்பத்தில், பெரு நாட்டிலிருந்து பசிபிக் பெருங்கடலை 101 நாளிற் கடந்தார். நீரின் எடையில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரையே இம்மரத்தின் எடை. இவ்வேறுபாட்டைக் கவனியுங்கள். 90 சென்டிமீட்டர் நீளமும் ஏழரைச் சென்டிமீட்டர் அகலமும் ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள பலகை இரண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் ஒன்று 10 கிராம் இருக்கும். மற்றொன்று 20 கிராம் இருக்கும். அதனால், தேர்ந்தவர்கள் பலகையைப் பார்த்து வாங்குவதில்லை, நிறுத்து வாங்குகின்றனர். நம் சிறுவனோ தனக்குக் கிடைத்த குச்சிகளை ஊரிலுள்ள நகைக்கடைக்குக் கொண்டுசென்று, பொன் நிறுக்கும் தராசில் நிறுத்து, கனமானவற்றை உடலுக்கும், இலேசானவற்றை வாலுக்கும் என்று பிரித்துக்கொண்டான். கடைக்காரர் முதலில் நகைத்தார். பின்னர்த் தாமே எடையைத் தாளில் எழுதிக் கொடுத்தார்.

மேலே போர்த்தும் தாளிலும் இதே கணக்குத்தான். நாம் எழுதும் தாள் சதுர மீட்டருக்கு 60 கிராம் அளவில் இருக்கும். விமானத்துக்குப் போர்த்தும் மென்தாள் 12 கிராம் அளவே இருக்கும். அதனைச் சட்டத்தின்மேல் ஒட்டி, நீரை மூடுபனிபோல மெல்லத் தெளித்தால், உலரும்போது தாள் சுருங்கி மத்தளத் தோல்போல விறைத்துக்கொள்கிறது. உலரும்வரை இறக்கையைப் பலகையில் ஊசியிட்டு அழுத்தி வைக்கவேண்டும். இல்லையேல் சுருங்கும் தாள் இறக்கையையே முறுக்கிவிடும். பொறுமையற்றவர்களின் விமானங்கள் பெரும்பாலும் இவ்விடத்திலேதான் கெடுகின்றன.

“பால்சா எங்கே கிடைக்கும்? அதன் விலை என்ன?” என்ற கேள்வி உடனே எழும். நியாயமான கேள்வியே. அஞ்சல் வழியாக வருவிக்கலாம். ஆனால் எல்லா மாணவர்க்கும் அஃது இயலாது. நம்மிடம் மூங்கில் இருக்கிறது. அதனைத் தீக்குச்சியிலும் மெலிதாகப் பிளக்கலாம். விளக்கின் சூட்டிற் காட்டி வளைக்கலாம். பால்சாவைவிடக் கனமேயாயினும், வலிமை மிகுதியாதலால் மிக மெலிதாகச் சீவிப் பயன்படுத்தலாம். ரைட் சகோதரர்களின் பொம்மையிலும் மூங்கில் இருந்ததை முன்பே கண்டோம். நெட்டியும் இருக்கிறது. நீர்நிலைகளில் வளரும் அச்செடியின் தண்டைக்கொண்டு தஞ்சைக் கலைஞர்கள் கோயில் வடிவங்களும் மாலைகளும் செய்கின்றனர். 2020இல் தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டது. நெட்டி பால்சாவினும் இலேசானது. ஆனால் வலிமை குறைவு. இழுவிசை தாங்கும் இடத்துக்கு உதவாது. இறக்கை நுனிக்கும் மூக்கின் வடிவுக்கும் உதவும். காற்றாடி விடும் தாள் எல்லா ஊரிலும் உண்டு. இவற்றாற் செய்யும் விமானம் பால்சா விமானத்தைப்போல 31 நொடிகள் நில்லாது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. பத்து நொடி நிற்கட்டும். பத்து நொடி பறந்த விமானம் பறந்த விமானமே.

என் கருத்தை மறுப்பவர்களும் உள்ளனர். நிற்கும் விமானமும் சிறுவர் மனத்தைக் கவராதோ என்று நண்பர் ஒருவர் கேட்டார். டாக்டர் அப்துல் கலாம் குரோம்பேட்டைச் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியிற் பயின்றபோது, அங்கே காட்சிக்கு நிறுத்தப்பட்டிருந்த, பயன்பாட்டிலிருந்து நீங்கிய இரு விமானங்கள் தம்மைக் கவர்ந்தன என்று தம் வரலாற்றிற் கூறுகின்றார் அன்றோ என்றும் சுட்டினார். நல்ல எடுத்துக்காட்டுத்தான்; மறுக்கமாட்டேன். ஆனால் அவ்விரண்டும் ஒரு காலத்திற் பறந்தவை. பிறர் கட்டிய விமானத்தைக் கண்டு வியப்பது ஒன்று. தான் கட்டியது எழும்புமா என்று மூச்சடக்கி நிற்பது மற்றொன்று. என் வழக்கு முதலாவதற்கு எதிரானதன்று. இரண்டாவதற்குரிய பரிசை முதலாவது எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதே.

கடையில் வாங்கும் ட்ரோன் இதனினும் நன்றாகப் பறக்கிறதே என்போரும் உண்டு. பறக்கிறது, ஐயமில்லை. அது சாயும்போதெல்லாம் அதனுள் இருக்கும் மின்னணுக் கருவி நொடிக்குப் பன்முறை திருத்திவிடுகிறது. இரப்பர் விமானத்தில் அவ்வாறு திருத்துவார் எவரும் இலர். கையை விட்டபின் அது தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளவேண்டும். இறக்கையின் இரு நுனிகளும் சற்றே மேல்நோக்கியிருத்தலும், வால் இறக்கையோடு சிறு கோணத்தில் அமைந்திருத்தலும் அதற்காகவே. பெனோவின் பெருமை அவர் இரப்பரை முறுக்கியதில் இல்லை. வாலை அவ்வாறு அமைத்து, விமானம் தானே நிலைபெறச் செய்ததில்தான் இருக்கிறது.

அந்நிலையை எய்துவதற்குச் சிறுவன் செய்ததைப் பார்த்திருந்தால், எந்த ஆய்வுக்கூடமும் அதற்கு ஈடாகாது என்பீர்கள். முதலில் இரப்பரை முறுக்காமலே விமானத்தை மெல்ல நழுவவிட்டான். அது மூக்குக் குத்தி வீழ்ந்தால், மூக்கில் ஒட்டிய களிமண்ணிற் சிறிது கிள்ளி எடுத்தான். ஏறி, நின்று, மறுபடி தாழ்ந்து அலைபோலச் சென்றால், சிறிது சேர்த்தான். ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றினான். இரண்டை மாற்றினால் எது செய்த வேலை என்று தெரியாது என்றான். பிறகே 50 முறுக்கு, 100 முறுக்கு என்று படிப்படியாக ஏற்றினான். ஒவ்வொன்றையும் பழைய கணக்குக் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தான். அக்குறிப்பேட்டை நாங்கள் மூவரும் கண்காட்சியன்று புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஆகவே, பள்ளிகளுக்கு நான் சொல்லுவது இதுதான். விமானத்தைக் கண்காட்சிக்கு வைத்தால், அதனை மேசையில் மதிப்பிடாதீர்கள். காலையில் திடலுக்குக் கொண்டுசெல்லுங்கள். கையில் ஒரு கடிகாரம் போதும். எத்தனை நொடிகள் நின்றதோ அத்தனை மதிப்பெண். வண்ணத்துக்கு மதிப்பெண் வேண்டுமானால் ஓவியப் போட்டியில் வழங்குங்கள். தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானம் கட்டுதல் பயிற்சியாகவே இருந்து வருகிறது. ஆனால் அப்பிரிவு எல்லாப் பள்ளிகளிலும் இல்லை; மூங்கிலும் தாளும் இரப்பரும் எல்லா ஊரிலும் உண்டு.

கைத்தொழில் ஊர்களிலிருந்து விமானம் எழுவது புதுமையன்று. ரைட் சகோதரர்கள் மிதிவண்டி செய்து விற்றவர்கள். 1910இல் சென்னையில் விடுதி நடத்திவந்த ஜாக்கோமோ தாஞ்சலிஸ் என்பவர் தாம் வடிவமைத்த விமானத்தைக் குதிரை வண்டிகள் கட்டிப் பெயர் பெற்ற சிம்ப்சன் தொழிலகத்தாரைக்கொண்டு கட்டுவித்துப் பல்லாவரத்திற் பறக்கவிட்டார். மிதிவண்டிக்காரர் கையும் வண்டி கட்டுவோர் கையும் செய்ததைத் தோலை மயிரிழையளவு அறிந்து சீவும் கை செய்யாதோ?

அச்சிறுவனைச் சென்ற கோடையில் மீண்டும் கண்டேன். இப்போது அவன் மேல்வகுப்பு மாணவன். அந்தப் பழைய விமானம் எங்கே என்று கேட்டேன். ஒரு நாள் வெயில் ஏறியபின் பறக்கவிட்டதாகவும், சுடுமணலிலிருந்து எழுந்த வெப்பக் காற்றிற் சிக்கி, பருந்துகள் வட்டமிடும் உயரத்துக்கு ஏறி, அக்கரை நோக்கிச் சென்று மறைந்துவிட்டதாகவும் கூறினான். தேடியும் கிடைக்கவில்லையாம். சொல்லும்போது அவன் முகத்தில் வருத்தத்தைவிடப் பெருமையே மிகுதியாக இருந்தது. புதிதாக ஒன்று கட்டிக்கொண்டிருந்தான். கண்டெடுப்பவர் திருப்பித் தரும் பொருட்டு அதன் உடலில் ஒரு முகவரிச் சீட்டை ஒட்டியிருந்தான். முதலில் முழு முகவரியும் எழுதினானாம். நிறுத்துப் பார்த்தபின் சீட்டைப் பாதியாக நறுக்கிவிட்டான். அதில் இப்போது ‘மாதனூர்’ என்பது மட்டுமே இருந்தது.